போப்பையரின் பிரம்பு

ஆறாம் வகுப்பில் பேச்சுப்போட்டி. தலைப்பு 'தமிழுக்குத் தொண்டாற்றிய அயல்நாட்டார்'. தமிழய்யா எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தை ஒரு வாரம் நெட்டுருப் போட்டு, மேடையில் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கடைசி வரி, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப்பைப் பற்றியது; அதை மட்டும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தனியாகப் பயிற்சி. "தன் கல்லறையில் என்ன எழுதச் சொன்னார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்கிக்கொண்டிருக்கிறான்." கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசு. அம்மா அதில் என் பெயரை வெட்டி வாங்கிவைத்தாள், இன்னமும் அடுப்படியில் கிடக்கிறது. அதற்குப் பிறகு அந்த வரியை எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கல்யாண வீட்டில், டீக்கடையில், அக்கா பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது. ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று எண்ணிக்கை உண்டு.

போன வருஷம் அந்த அக்கா பிள்ளைகளில் மூத்தவன் வேலை விஷயமாக ஆக்ஸ்ஃபோர்டு போனான். போன இடத்தில், மாமா சொன்ன கல்லறை இங்கேதானே என்று நினைவு வந்து, செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தைத் தேடிப்பிடித்துப் போயிருக்கிறான். வாட்ஸாப்பில் படம் வந்தது. கீழே ஒரே ஒரு வரி: "மாமா, நீங்க சொன்ன லைன் எங்க?"

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. தமிழ் மாணவனும் இல்லை, உறக்கமும் இல்லை. முழுக்க ஆங்கிலம். தென்னிந்தியாவின் ஜார்ஜ் உக்ளோ போப், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தவர், பிறந்த நாள், இறந்த நாள். அதன் கீழே, கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததை மெச்சி, குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்த கல் என்று இருக்கிறது. அவ்வளவுதான். அக்கா மகனுக்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

முதலில் எரிச்சல்தான். எழுதிக் கொடுத்த தமிழய்யா மேல், அவருக்கு யார் சொன்னார்களோ அவர்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சரிபார்க்கத் தோன்றவில்லையே. ஆனால் நாள் போகப் போக எரிச்சல் அடங்கி வேறு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அந்தக் கல்லில் மாணவன் இல்லாதது சரி, கட்டுக்கதை. தலைமையாசிரியரும் இல்லையே?

கல்லில் இல்லாத இருபது வருஷம்

போப்பை நாம் மொழிபெயர்ப்பாளராகத்தான் வைத்திருக்கிறோம். 1886இல் குறள், 1893இல் நாலடியார், 1900இல் திருவாசகம். மெரினாவில் 1968இல் சிலை. ஆனால் அந்த மனுஷன் சம்பளம் வாங்கியது எதற்கு என்று பார்த்தால், இந்தியாவில் இருந்த காலத்தின் பெரும்பகுதி பள்ளிக்கூடம் நடத்தியதற்குத்தான். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820இல் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குத் திரும்பிய குடும்பம். வெஸ்லியன் சபையின் ஆளாக 1839இல் சென்னைக்கு வந்தார், பத்தொன்பது வயது. இங்கே வந்த பிறகு ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறி 1843இல் குருப்பட்டம். அதற்கு முந்தின வருஷமே எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தார் அவரைத் தூத்துக்குடிப் பக்கத்துச் சாயர்புரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு செமினரி. பிறகு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து தஞ்சாவூர். 1859இல் ஊட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக ஒரு கிராமர் ஸ்கூலைத் தொடங்கி, 1870 வரை அதற்குத் தலைமையாசிரியர். அடுத்து பெங்களூர், பிஷப் காட்டன் பள்ளி, 1882 வரை. ஊட்டியும் பெங்களூரும் மட்டுமே இருபது வருஷத்துக்கு மேல் வருகிறது. ஒரு மனுஷனின் உத்தியோக வாழ்க்கையே அதுதான். குறள் புத்தகம் அச்சாகி வரும்போது அவருக்கு 66 வயது. நம்மூர்க் கணக்கில் சொன்னால், பென்ஷன் வாங்கிய பிறகு செய்த வேலை.

பள்ளி நடத்துகிறவரின் கை அவர் எழுதிய எல்லாவற்றிலும் தெரியும். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் கேள்வி பதில் வடிவம். ஞாயிறு பள்ளியில் ஞானோபதேசம் கேட்கிற மாதிரி எழுத்து என்றால் என்ன, சொல் என்றால் என்ன என்று கேட்டுக் கேட்டுப் போவது. அது 'போப்பையர் இலக்கணம்' என்ற பெயரிலேயே ரொம்ப காலம் நம் பள்ளிக்கூடங்களில் புழங்கியது. ஐரோப்பியர்கள் பேச்சுத்தமிழ் கற்க ஒரு கைநூல், மாணவர்களுக்கு இந்திய வரலாற்றுப் பாடநூல் ஒன்று. ஊட்டியில் இருந்தபோது பக்கத்து மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், தோடர்கள் பேசுகிற பேச்சையும் விடவில்லை. அதற்கும் ஒரு சின்ன இலக்கணம் எழுதினார், தோடர்களைப் பற்றி வேறொருவர் 1873இல் வெளியிட்ட புத்தகத்தின் பின்னிணைப்பாக அது வந்தது. பகலெல்லாம் வெள்ளைக்காரப் பையன்களை லத்தீன் ஒப்பிக்கவைத்த ஒருவர், எந்த நேரத்தில் தோடர் மொழியின் வினைச்சொற்களைப் பிரித்துப் பார்த்தார் என்று யோசித்தால் எனக்கு மலைப்புதான். சும்மா இருக்கத் தெரியாத வாத்தியார்.

எங்கள் பக்கத்தில் எந்தக் குருவானவரையும் ஐயர் என்றுதான் சொல்வோம். போப்பையர், கால்டுவெல் ஐயர், மர்காஷிஸ் ஐயர். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கோயிலில் பிரசங்கம் செய்கிற ஐயரே திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தின் பெரிய ஐயராகவும் வருவார், மேஜை டிராயரில் வேதாகமமும் மேஜை மேல் பிரம்புமாக. எனக்கு வாய்த்த ஹெட்மாஸ்டரும் அந்த வம்சத்தின் கடைசிக் கொழுந்து. அவர் ஐயர் இல்லை, ஆனால் அசெம்பிளியில் ஜெபம் முடிந்து "ஆமென்" சொன்ன வாயோடு "லேட்டா வந்தவன்லாம் இங்க வா" என்பார். கையை நீட்டினால் முதல் அடி காற்றில், இரண்டாவது விரல் நுனியில். பிரம்பு விழப்போகிற கணத்தில் கையை இழுத்துக்கொண்டால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார். விரல் நுனியில் விழுந்த அடி ராத்திரி சோறு பிசையும்போதுதான் உண்மையில் வலிக்கும், ரசம் பட்டால் இன்னும் கொஞ்சம்.

சாயர்புரத்தில் நடந்தது

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போப்பையரும் அடிக்கிற வாத்தியார். இது நான் கிளப்பிவிட்ட புரளி இல்லை. அதே திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்தவர், அதே சங்கத்து ஆள், பிற்பாடு அத்தியட்சரான கால்டுவெல் எழுதிவைத்திருக்கிறார். போப்பின் வெற்றிக்குப் பெரிய குறையாக இருந்தது அவருடைய தண்டனையின் கடுமைதான் என்றும், சின்னச் சின்னக் கலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, கடைசியில் அவர் விலகும்படி ஆயிற்று என்றும். நான் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் 'சின்னச் சின்னக் கலகங்கள்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். 1840கள். தேரிக்காட்டுச் செம்மண், பனை, அதற்கு நடுவே ஒரு ஓலைக் கூரையோ ஓட்டுக் கூரையோ, அதன் கீழே லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படிக்கவைக்கப்பட்ட பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைகள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது வாத்தியார். அந்தப் பிள்ளைகள் அவரை எதிர்த்துக் கலகம் செய்திருக்கிறார்கள்! ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்தப் பையன்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நாங்கள் ஒரு தடவைகூடச் செய்ததில்லை, எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

உடனே, வெள்ளைக்காரன் நம் பிள்ளைகளை அடித்தான் என்று கொடி பிடிக்கவும் எனக்கு மனசில்லை. அதே காலத்தில் நம் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் போட்டார்கள். பிள்ளையை விட்டத்துக் கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே நின்று விளாசுவது. அவர்கள் ஊரிலும் அதே கதைதான். பெங்களூர்ப் பள்ளிக்கு எவருடைய பெயர் வைத்தார்களோ அந்த பிஷப் காட்டனே, கல்கத்தாவுக்கு வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் மார்ல்பரோ பள்ளியின் தலைமையாசிரியர், அதற்கும் முன்னால் ரக்பி பள்ளியில் தாமஸ் ஆர்னால்டின் கீழே ஆசிரியர். ஆர்னால்டும் ஒரு ஐயர்தான். குருவும் தலைமையாசிரியரும் ஒரே ஆளாக இருப்பது, அவர் கையில் பிரம்பு இருப்பது, அந்த நாட்டில் ஒரு நூற்றாண்டு முழுக்க இயல்பான காட்சி. எல்லாரும் அடித்த காலத்தில் அவரும் அடித்தார் என்று முடித்துவிடலாம். ஆனால் முடிகிறதா? எல்லாரும் அடித்த காலத்திலேயே, கூட இருந்த கால்டுவெல் கண்ணுக்கு அது அளவு மீறியதாகப் பட்டிருக்கிறதே.

இந்த மனுஷன்தான் திருவாசகத்தை எண்பது வயதில் முடித்தவர். அந்த நூலின் முன்னுரைக்கு அவர் இட்ட தேதியே அவருடைய எண்பதாவது பிறந்தநாள். தன் முதல் தமிழ்ப் பாடம் 1837இல் நடந்தது என்று பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்து அதில் எழுதுகிறார். கப்பலில் வரும்போதுதான் தமிழ் படித்தார் என்று நான் மேடையில் சொன்னதும் அங்கே அடிபட்டுப் போகிறது, கப்பல் ஏற இரண்டு வருஷம் முன்னாலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது. முதல் பாடத்தின் வருஷத்தை அறுபத்துமூன்று வருஷம் கழித்துத் தேடி எடுத்து எழுதுகிறவர் பதிவேடு வைக்கிற ஆள், ஹெட்மாஸ்டர். அதே முன்னுரையில் இன்னொன்றும் உண்டு. பேலியல் கல்லூரி முற்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போது கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டிடம், இவ்வளவு பெரிய வேலையை முடிக்க எனக்கு ஆயுசு வேண்டுமே என்ற மாதிரி இவர் சொல்ல, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கிறவரை இருப்பீர் என்றாராம் அவர். ஜோவெட் 1893இல் போய்விட்டார், இவர் முடித்துவிட்டு 1908 வரை இருந்தார். இரண்டு பேரும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள். அக்கா மகனிடம் ஜோவெட் கல்லையும் ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்கலாம், அப்போது தெரியவில்லை.

562

இந்த இரண்டு போப்பையரையும் ஒரே சட்டைக்குள் போட முடியாமல் கொஞ்ச நாள் திண்டாடினேன். பிரம்பு ஒரு பக்கம், மணிவாசகர் ஒரு பக்கம். ஒருநாள் ராத்திரி வேறு எதற்கோ குறளைப் புரட்டியபோது வெருவந்த செய்யாமை அதிகாரம் கண்ணில் பட்டது. அரசன் குடிகள் அஞ்சி நடுங்கும்படி நடக்கக்கூடாது என்பதைச் சொல்கிற அதிகாரம். அதில் இரண்டாவது, 562ஆம் குறள்:

கடிதோச்சி மெல்ல எறிக நெடிதாக்கம்
நீங்காமை வேண்டு பவர்.

ஓங்கும்போது பலமாக ஓங்கு, விழும்போது மெல்ல விழட்டும். நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை அவர் எப்படி மொழிபெயர்த்தார்? போய்ப் பார்த்தால், பிரம்பைக் கடுமையான நெற்றியோடு உயர்த்த வேண்டும், ஆனால் மென்மையாக விழவிட வேண்டும் என்று பொருள் வரும்படி இரண்டு வரி ஆங்கிலச் செய்யுள். இதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது என்னவென்றால், குறளில் பிரம்பு இல்லை. எதை ஓச்சி, எதை எறிவது என்று வள்ளுவர் சொல்லவே இல்லை. உரைகாரர் பரிமேலழகர் அந்த இரண்டு சொல்லையும் உவமையாக எடுத்துக்கொண்டு, அளவு மீறுகிறவர் போலத் தொடங்கி அளவு மீறாமல் செய்க என்று நகர்ந்துவிடுகிறார். பிரம்பைக் கொண்டுவந்து வைத்தவர் போப். அந்தக் கடுமையான நெற்றியும் வள்ளுவரில் கிடையாது, அதுவும் அவர் கொண்டுவந்ததுதான்.

செய்யுளாக எழுதும்போது சந்தத்துக்காக நாலு சொல் கூடத்தான் செய்யும், ஓங்குவது என்றால் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் ஓங்குவதற்கு வாள் இருக்கிறது, கோல் இருக்கிறது, கை இருக்கிறது. அவர் போட்டது 'ராட்'. பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகளில் வருமே, அந்த இடத்தில் ஆங்கில வேதாகமத்தில் இருக்கிற அதே சொல். ஞாயிற்றுக்கிழமை ஐயருக்கும் திங்கட்கிழமை ஹெட்மாஸ்டருக்கும் பொதுவான சொல். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பிரம்பைத் தூக்குகிற ஆள் எப்படி இருப்பான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறளைப் பற்றி அவர் எழுத ஆரம்பித்தது ஓய்வுக்குப் பிறகும் இல்லை. 1870களின் கடைசியிலேயே 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் குறிப்புகள் வர ஆரம்பித்துவிட்டன, அதாவது பெங்களூரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த காலத்தில். வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவர்களோடு பேசிப் பழகியிருப்பார் என்று அவர் கற்பனை செய்ததைக் கேட்டால் தமிழறிஞர்கள் இன்றைக்கும் பல்லைக் கடிப்பார்கள், எனக்கும் அதில் சம்மதமில்லை. ஆனால் இந்த ஒரு குறளில் வள்ளுவர்தான் அவருடைய பள்ளிக்கூடத்துக்குள் வந்து நின்றிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஊகம்தான். ஊகம் என்று தெரிந்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். சாயர்புரத்திலிருந்து மூன்று மைல். பெரியப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் வாத்தியார், கடைசி எட்டு வருஷம் ஹெட்மாஸ்டர், இப்போது எண்பத்துமூன்று வயது. பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று 2009இல் சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்னால் ஓய்வு பெற்றவர். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஊரில் சில பேர் உள்ளங்கையைத் தடவிக்கொள்வார்கள், சிரித்துக்கொண்டேதான். தார்சாவில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கல்லறையில் தமிழ் மாணவன் இல்லை என்றதும் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அது நாங்க சொல்லிக்கொடுத்ததுதாம்ல. பிள்ளைக நல்லா மனசுல வச்சுக்கிடும்னு" என்றார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "பொய்யின்னும் தெரியாது, மெய்யின்னும் தெரியாது. எவன் லண்டன் போயிப் பாத்தான்?"

கால்டுவெல் எழுதியதைச் சொன்னேன். கலகம் என்ற இடத்தில் மட்டும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். "நம்மூரு பயலுவளா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம், இந்தச் சுத்துப்பட்டுப் பயல்கள்தான் என்றேன். அப்புறம் 562. குறளை நான் தொடங்க அவரே முடித்தார், பதம் பிரித்துப் பொருளும் சொன்னார், நாற்பது வருஷப் பழக்கம். போப்பையர் அங்கே பிரம்பைப் போட்டிருக்கிறார் பெரியப்பா, மூலத்தில் இல்லை என்றேன்.

மடியில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்தார். காம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேலே கொண்டுபோனார், முகம் தன்னால் இறுகியது, அந்த நெற்றியை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். இறக்கும்போது மெதுவாக, ரொம்ப மெதுவாக, நடுங்குகிற கையோடு, எதிரில் யாரோ உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு இடம் வரை கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்படியா சொல்லுதாரு வள்ளுவரு?"

"ஆமா பெரியப்பா."

"நான் இப்படி இறக்கினதில்லைல" என்றார். விசிறியைத் திருப்பிப் பிடித்து விசிற ஆரம்பித்தார். பெரியம்மா காப்பி கொண்டுவந்தாள்.

கிளம்பும்போது அக்கா மகன் அனுப்பிய படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தை வாசித்தார். பெயருக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்து, "ஆஃப் சவுத் இண்டியான்னு போட்டிருக்கான் பாத்தியா" என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று போட்டிருக்கிறானா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.